ஆகஸ்டு 31: ஒரு நாளும் அதன் செய்திகளும்



நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு தாளைக் கிழிக்கிறோம். நல்ல நேரம் எது, இராகு காலம் எது, சம்பள நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பார்த்த பின் அத்தாளை மறந்துவிடுகிறோம். ஆண்டொன்றுக்கு 365 தாள்கள் இவ்வாறு போகின்றன. அவற்றுள் ஒரே ஒரு தாளைக் கிழித்தெறியாமல் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொண்ட தாள் ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள். தமிழ்க் கணக்கில் அது ஆவணித் திங்களின் நடுப்பகுதியில் வருவது.

இந்த நாளின் சிறப்பென்ன என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், "விடுமுறை ஐயா!" என்று உடனே விடை வரும். "தேசிய தினம்" என்பது அதற்கு அடுத்துத்தான் வரும். இரண்டும் சரியான விடைகளே. எனினும் இந்நாளில் உலகின் வேறு பகுதிகளில் என்ன நடந்தது, யார் யார் பிறந்தனர், நம்மைப் போன்ற உழைக்கும் மக்களுக்கும் இந்நாளுக்கும் என்ன தொடர்பு என்பவற்றையும் அறிந்துகொண்டால், அடுத்த ஆண்டு இந்நாள் வரும்போது கொடியசைப்பதோடு நில்லாமல் சற்றுச் சிந்திக்கவும் நமக்குச் செய்தி இருக்கும்.

நாள்கள் இருவகை

வரலாற்றில் இடம்பெறும் நாள்கள் இருவகைப்படும். ஒன்று, மனிதர் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்த நாள். நாட்டு விடுதலை, ஒப்பந்தம், திறப்பு விழா ஆகியவை அவ்வகையின. மற்றொன்று, யாரையும் கேளாமல் தானே வந்த நாள். பிறப்பும் இறப்பும் அவ்வகையின. இவ்விரு வகையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அமர்ந்திருப்பதை ஆகஸ்டு 31இல் தெளிவாகக் காணலாம்.

நம் நாடு தேர்ந்தெடுத்த நாள்

மலாயா கூட்டரசின் முதற் பொதுத்தேர்தல் 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நடைபெற்றது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரின் கட்சிகள் ஒன்றுசேர்ந்து அமைத்த கூட்டணி, போட்டிக்கு வந்த 52 இடங்களில் 51 இடங்களைக் கைப்பற்றியது. அக்கூட்டணியில் இந்தியரின் சார்பில் நின்ற ம.இ.கா.வுக்கு அவ்வாண்டு முதல் தலைவராக விளங்கியவர் வீ. தி. சம்பந்தன் ஆவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், பாட்டாளிகளின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வேண்டுமென்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

தேர்தல் வெற்றிக்குப் பின் துங்கு அப்துல் ரகுமான் தலைமையில் ஒரு குழு இலண்டனுக்குச் சென்றது. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. இயன்றால் 1957 ஆகஸ்டுக்குள் விடுதலை என்பதே அதன் சாரம். இங்கே மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய சுவையான செய்தி ஒன்றுண்டு. துங்கு பிறந்தது 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள். தம் 53ஆம் பிறந்த நாளன்று அவர் நாட்டின் விடுதலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருக்கிறார்! தாயகம் திரும்பியதும், பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்காவில் திரண்டிருந்த மக்களிடம் விடுதலை நாளை அவர் அறிவித்தார். ஆகஸ்டுத் திங்களின் கடைசி நாளே அந்த நாளாயிற்று. இடையிலிருந்த காலத்தில் ரீட் பிரபு தலைமையிலான ஐவர் குழு அரசியல் சட்டத்திற்கான பரிந்துரைகளை வகுத்தது.

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் இரவு, கோலாலம்பூரில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திற்கு எதிரேயுள்ள திடலில் மக்கள் கூடினர். இன்று அவ்விடம் மெர்டேக்கா சதுக்கம் என வழங்குகிறது. நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. மலாயாவின் கொடி ஏறியது. மறுநாள் காலையில் மெர்டேக்கா விளையாட்டரங்கில் துங்கு விடுதலைப் பிரகடனத்தைப் படித்து, "மெர்டேக்கா!" என்று ஏழு முறை முழங்கினார். அன்று சனிக்கிழமை.

ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது எளிது. அந்த நாளுக்குள் வேலையை முடிப்பதே அரிது. தேர்தல், பேச்சுவார்த்தை, அரசியல் சட்டம் என எத்தனையோ இரவு பகல் உழைத்த பின்னரே அந்த நாள் பொருளுடையதாயிற்று. அந்நாளைய மலாயாவின் வருவாயில் பெரும்பங்கு ரப்பராலும் ஈயத்தாலும் வந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, கத்தியும் வாளியுமாக மரத்தடிக்குச் சென்ற நம் பாட்டன் பாட்டியரின் உழைப்பு அந்த வருவாயில் கலந்திருந்தது என்பதை நம் பிள்ளைகள் ஒருபோதும் மறத்தலாகாது.

குறித்த நாள் தள்ளிப்போன கதை

மலேசியாவின் பிறந்த நாளும் முதலில் ஆகஸ்டு 31 என்றே குறிக்கப்பட்டிருந்தது. மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை 1963ஆம் ஆண்டு அந்நாளில் இணைவதாக ஏற்பாடு. இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் மறுப்புத் தெரிவித்தமையால், சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாட்டுச் சபை ஒரு குழுவை அனுப்பியது. குழுவின் பணி முடியும்வரை இணைப்பு தள்ளிவைக்கப்பட்டு, செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உதயமாயிற்று. இடையில் ஆகஸ்டு 31 வெறுமனே கழியவில்லை. அன்று சபா தன்னாட்சி பெற்றது. சிங்கப்பூரும் தன் விடுதலையைத் தானே அறிவித்துக்கொண்டது.

இதிலும் ஒரு பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூரின் அந்நாளைய பிரதமர் லீ குவான் யூ 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பிறந்தவர். மலேசியா உதயமான நாள் அவருடைய 40ஆம் பிறந்த நாளாக அமைந்தது. ஈராண்டுகளுக்குள், 1965 ஆகஸ்டு 9ஆம் நாள், சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தது. நாள் ஒற்றுமை நட்பை நிலைநிறுத்தவில்லை என்பது இதனால் விளங்கும்.

அதே நாள், கரும்புத் தோட்டங்களின் தீவில்

நம் நாடு விடுதலை பெற்றுச் சரியாக ஐந்தாண்டுகள் கழிந்து, 1962 ஆகஸ்டு 31ஆம் நாள், கடல் பல கடந்த கரிபியன் பகுதியில் டிரினிடாட் டொபாகோ என்னும் நாடு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அடிமை முறையின் வரலாற்றை ஆராய்ந்து நூலெழுதிய எரிக் வில்லியம்ஸ் அதன் முதற் பிரதமரானார். நமக்கும் அந்நாட்டிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு.

அங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஃபாத்தல் ரசாக் என்னும் கப்பல் 1845ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் முதற் குழுவினரான இந்தியத் தொழிலாளரை அங்கே இறக்கியது. அதன்பின் 1917 வரையில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். பெரும்பாலோர் வட இந்தியர்; சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோரும் உண்டு. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதும் இதே கதையின் மற்றொரு கிளையே. அங்கே கரும்பு, இங்கே முதலில் கரும்பும் காப்பியும், பின்னர் ரப்பர்.

அக்கரும்புத் தோட்டத் தொழிலாளரின் சங்கத்தை வழிநடத்திய பாஸ்டியோ பாண்டே, 1995இல் அந்நாட்டின் பிரதமரானார். இந்திய வமிசாவளியினருள் அப்பதவியை அங்கே முதலில் ஏற்றவர் அவரே. இது கரும்பு வெட்டியோரின் வழித்தோன்றல் ஒருவர் தாம் பிறந்த நாட்டையே ஆளும் நிலைக்கு உயர்ந்த வரலாறு. படிக்கும் பிள்ளைகள் இதைத் தனியே குறித்து வைத்துக்கொள்க.

அதே நாள், ஒரு கப்பல் பட்டறையில்

போலந்து நாட்டின் கடான்ஸ்க் நகரில் பெரிய கப்பல் கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே பளுதூக்கி எந்திரத்தை இயக்கியவர் அன்னா வாலென்டினோவிச் என்னும் அம்மையார். தொழிலாளர் நலனுக்காகக் குரல் கொடுத்த அவரை, ஓய்வு பெற ஐந்து மாதங்களே இருந்த நிலையில், 1980 ஆகஸ்டில் வேலையிலிருந்து நீக்கினர். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையோடு ஆகஸ்டு 14ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. பட்டறையில் முன்பு மின்பணியாளராக இருந்த லெக் வலேசா அதற்குத் தலைமை ஏற்றார். பிற ஆலைகளும் சேர்ந்துகொள்ள, கோரிக்கைகள் 21 ஆயின. ஆகஸ்டு 31ஆம் நாள் அரசாங்கத்தின் பிரதிநிதி அவர்களோடு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அரசைச் சாராத சங்கம் அமைக்கும் உரிமை அதில் முதலிடம் பெற்றது. அவ்வாறு தோன்றிய சங்கத்தின் பெயர் "ஒருமைப்பாடு" எனப் பொருள்படுவது.

அச்சங்கம் எளிதில் வாழவில்லை. அடுத்த ஆண்டின் இறுதியில் இராணுவச் சட்டம் வந்தது. பின்னர்ச் சங்கம் தடைசெய்யப்பட்டது. 1989இல்தான் மீண்டும் சட்டப்படி இயங்கியது. வலேசா 1983இல் அமைதிக்கான நோபல் பரிசும், 1990இல் நாட்டின் அதிபர் பதவியும் பெற்றார். நம் நாட்டிலும் 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததைப் பெரியவர்கள் அறிவர். ஒரு பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தம்முடையதாக மற்றவர்கள் கருதினர். அதனாலேயே அந்த நாள் வரலாற்றில் ஏறிற்று.

இந்நாளில் பிறந்தோர் மூவர்

இனி, தானே வந்த நாள்களைப் பார்ப்போம்.

முதலாமவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1821 ஆகஸ்டு 31ஆம் நாள் செருமானிய நாட்டின் பாட்ஸ்டாம் நகரில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். அவருடைய ஆசை பௌதிகம் பயில்வது. குடும்பத்தில் பண வசதி இல்லை. இராணுவ மருத்துவராகப் பணியாற்ற ஒப்புக்கொண்டால் மருத்துவம் இலவசமாகப் பயிலலாம் என்ற வழி இருந்தது. அதனை ஏற்று மருத்துவம் பயின்றார், பௌதிகத்தையும் கைவிடவில்லை. ஆற்றல் அழிவதில்லை, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறுகிறது என்னும் கொள்கையை விளக்கி 1847இல் கட்டுரை வெளியிட்டார். 1851இல், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி விழித்திரையைப் பார்க்கும் கருவியைப் பற்றி உலகிற்கு அறிவித்தார். இனிப்புநீர் நோயுள்ள நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணை மருத்துவர் உற்று நோக்கிப் பார்க்கும் முறை அக்கருவியின் வழிவந்ததே.

இரண்டாமவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலத்தில், 1896இல் உரோம் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், அந்நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் "குழந்தைகள் இல்லம்" ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் கவனிப்பாரற்று மாடிப்படிகளிலும் முற்றத்திலும் திரிந்த பிள்ளைகளே அங்குச் சேர்ந்தனர். நம் தோட்டங்களில் இருந்த ஆயாக் கொட்டகையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஆயாக் கொட்டகையில் தொட்டிலும் பாலும் கிடைத்தன. மாண்டிசோரி அம்மையார் அவற்றுக்கு மேல் கல்வியையும் சேர்த்தார். குழந்தையின் உயரத்திற்கேற்ற நாற்காலி, கையால் தொட்டறியும் பொருள்கள், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகள் ஆகியவை அவர் கண்ட முறைகள். எழுத்தைக் கண் பார்ப்பதோடு விரலும் தடவி அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதப் பழக்கிய நம் முன்னோர்க்கும் இவ்வுண்மை தெரிந்தே இருந்தது.

அம்மையாருக்குத் தமிழகத்தோடு நேரடித் தொடர்பும் உண்டு. 1939இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இறங்கவே, இத்தாலியர் என்பதால் அவருக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன; உடன் வந்த மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். 1940 ஆகஸ்டு 31ஆம் நாள் அம்மையாரின் 70ஆம் பிறந்த நாள். அதற்குப் பரிசாக இந்திய அரசப் பிரதிநிதி அவருடைய மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். ஒரு தாய்க்கு இதைவிடச் சிறந்த பிறந்த நாள் பரிசு வேறெதுவாக இருக்க முடியும்? பின்னர்க் கொடைக்கானலில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார்.

மூன்றாமவர் அம்ரிதா பிரீதம். 1919 ஆகஸ்டு 31ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்த பஞ்சாபிக் கவிஞர். பதினோராம் வயதிலேயே தாயை இழந்தார். 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, இலாகூரை விட்டு இலட்சக்கணக்கான அகதிகளுள் ஒருவராக இந்தியாவுக்கு வந்தார். அக்கொடுமையில் பஞ்சாபின் பெண்கள் சிந்திய கண்ணீரைப் பழம்பெருங் கவிஞர் வாரிஸ் ஷாவிடம் முறையிடுவதாக அவர் பாடிய பாடல் எல்லையின் இருபுறத்தாராலும் போற்றப்படுகிறது. 1956இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இந்நாள் எல்லார்க்கும் மகிழ்ச்சி தந்த நாளும் அன்று. 1997 ஆகஸ்டு 31ஆம் நாள் பாரிஸ் மாநகரில் நேர்ந்த கார் விபத்தில் இளவரசி டயானா உயிரிழந்தார். நம் நாட்டில் கொடிகள் பறந்த அதே நாளில் மற்றொரு நாடு கண்ணீர் சிந்தியது.

இவ்வொற்றுமை விதியா, கணக்கா?

இத்தனை செய்திகளும் ஒரே நாளில் அமைந்தமை கண்டு, "இந்நாளுக்கே ஏதோ தனிச் சக்தி உண்டு போலும்" என்று சிலர் கருதலாம். அவ்வாறு கருத வேண்டியதில்லை. கணக்கே இதற்கு விடை சொல்லும்.

ஒரு வகுப்பில் 23 மாணவர்கள் இருக்கின்றனர் என்று கொள்வோம். அவர்களுள் இருவருக்கேனும் ஒரே பிறந்த நாள் அமையும் வாய்ப்பு எவ்வளவு? ஆண்டில் 365 நாள்கள் இருப்பதால் அது மிகக் குறைவு என்றே எவரும் நினைப்பர். உண்மையில் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 50க்குச் சற்று மேல்! காரணம் இதுதான். நாம் ஒருவரை மட்டும் மற்றவரோடு ஒப்பிடவில்லை. ஒவ்வொருவரையும் மற்ற எல்லாரோடும் ஒப்பிடுகிறோம். 23 பேரிலிருந்து இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் கிடைக்கும். (23ஐ 22ஆல் பெருக்கி 2ஆல் வகுத்துப் பார்க்க.) இத்தனை இணைகளுள் ஒன்றேனும் பொருந்துவதில் வியப்பில்லை அன்றோ? வகுப்பில் 30 பேர் இருந்தால் வாய்ப்பு நூற்றுக்கு 70ஐ எட்டும். 367 பேர் இருந்தால், பிப்ரவரி 29ஐச் சேர்த்தாலும், இருவருக்கு ஒரே நாள் அமைந்தே தீரும்.

உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. 365ஆல் வகுத்தால், ஆகஸ்டு 31இல் பிறந்து இன்று வாழ்வோர் மட்டும் ஏறத்தாழ 2 கோடிப் பேர். அவர்கள் அனைவரும் ஹெல்ம்ஹோல்ட்சும் அல்லர், மாண்டிசோரியும் அல்லர். எனவே நாள் மனிதரை உயர்த்துவதில்லை. வறுமையிலும் படிப்பை விடாமை, ஏழைக் குழந்தைகளைத் தேடிச் செல்லும் கருணை, துயரத்தைத் தாங்கி அதனை எழுத்தாக்கும் திறன் ஆகியவையே அம்மூவரையும் உயர்த்தின. "நான் பிறந்த நேரம் சரியில்லை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடும் பிள்ளைக்கு நாம் தரும் விடை இதுவே.

எழுதிவைத்த நாளே நமக்குரிய நாள்

அப்படியானால் பிறந்த நாளுக்கு மதிப்பே இல்லையா? மிகப் பெரிய மதிப்பு உண்டு. அம்மதிப்பு அந்த நாளை எழுதிவைப்பதில் இருக்கிறது. பெற்றோர் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

மேலே சொன்ன மூவரும் பிறந்த நாளை நூறாண்டு, இருநூறாண்டு கழித்தும் நாம் அறிகிறோம். யாரோ ஒருவர் அதனை அன்றே ஒரு பதிவேட்டில் எழுதியதே காரணம். நம் தோட்டத்து முதியோரைக் கேட்டால் என்ன சொல்வர்? "ஜப்பான்காரன் வந்த வருஷம் பிறந்தேன்", "பெரிய வெள்ளம் வந்தபோது கைப்பிள்ளை" என்பர். பாட்டியருக்குப் பேரப்பிள்ளையின் நட்சத்திரம் தெரியும், தமிழ் மாதம் தெரியும், ஆண்டு தெரியாது. அவர்களைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. நினைவு வேறு, சான்று வேறு என்பதையே சுட்டுகிறோம்.

நாள் கணக்கிலும் வேறுபாடு உண்டு. நம் மரபில் கதிரவன் உதிக்கும்போதே புதிய நாள் தொடங்குகிறது. அரசாங்கக் கணக்கில் நள்ளிரவு 12 மணிக்கே தொடங்கிவிடுகிறது. வெள்ளி இரவு கழிந்து விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தையை வீட்டார் வெள்ளிக்கிழமைப் பிள்ளை என்பர். பதிவேடோ சனிக்கிழமை என்று சொல்லும். நம் நாட்டின் விடுதலையே அந்த நள்ளிரவில்தான் பிறந்தது! ஆகவே சாதகம் ஒரு கணக்கிலும் பத்திரம் ஒரு கணக்கிலும் இருக்கலாம். அலுவலகங்களில் செல்லுபடியாவது பத்திரத்தின் கணக்கே.

ஒரு நாள் தவறினால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டா. ஆகஸ்டு 31 இதற்கு நல்ல சான்று. நம் அரசியல் சட்டத்தின்படி, 1957இன் மெர்டேக்கா நாளன்றோ அதற்குப் பின்னரோ, 1962 அக்டோபருக்கு முன்பாக மலாயாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆயினர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இரு குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். ஆகஸ்டு 30ஆம் நாள் இரவு 11 மணிக்குப் பிறந்த குழந்தையின் நிலை பெற்றோரின் நிலையைப் பொறுத்தது. அவ்வாறு முன்பே பிறந்தோர் பலர் விண்ணப்பம் செய்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, 31ஆம் நாள் ஒரு மணிக்குப் பிறந்த குழந்தைக்கு அத்தொல்லை இல்லை. ஆனால் தான் அன்று பிறந்ததைக் காட்டப் பத்திரம் இல்லையென்றால், அக்குழந்தையும் வெறுங்கையோடுதான் நிற்கும்.

1968இல், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. 1969க்குப் பின் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, இம்மண்ணிலேயே வியர்வை சிந்திய நம் மக்கள் பலர் கப்பலேறித் தமிழகம் திரும்ப நேர்ந்தது. உரிய காலத்தில் விண்ணப்பம் செய்யாதோரும் உரிய தாள் கையில் இல்லாதோரும் அவர்களுள் இருந்தனர். உழைப்பு இருந்தது, சான்று இல்லை. அந்த வேதனை இன்னொரு தலைமுறைக்கு வரலாகாது. பத்திரமின்றித் தவிக்கும் பிள்ளைகள் நம் சமுதாயத்தில் இன்றும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதனை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

நம் நாட்டு அடையாளக் கார்டின் எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றையே குறிக்கின்றன. 2015 ஆகஸ்டு 31இல் பிறந்த பிள்ளையின் எண் 150831 என்று தொடங்கும். பள்ளி, வங்கி, மருத்துவமனை, வேலை, சேமநிதி என வாழ்நாள் முழுவதும் அந்த ஆறு இலக்கங்கள் அவனோடு நடக்கும். ஆகையால் பெற்றோர் செய்ய வேண்டியவை இவை:

1. குழந்தை பிறந்ததும், சட்டம் குறித்த காலத்திற்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிந்துவிடுக. பெயர் வைப்பதற்கு நல்ல நாள் பார்த்துக் காலந் தாழ்த்த வேண்டா.

2. பத்திரத்தைக் கையில் வாங்கியவுடனே பெயரின் எழுத்துகளையும் நாளையும் பெற்றோர் பெயரையும் சரிபார்க்க. பிழையிருந்தால் அப்போதே சொல்லித் திருத்துக.

3. திருமணத்தையும் பதிவு செய்க. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதியும் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடப்பில் உள்ளது. கோயிலில் தாலி கட்டுவது நம் மரபுக்குப் போதும். பிள்ளையின் குடியுரிமைக்குப் பதிவும் வேண்டும்.

4. பிள்ளைக்கு 12 வயது நிறைந்ததும் அடையாளக் கார்டு எடுக்க அழைத்துச் செல்க. 18 வயதில் அதனைப் புதுப்பிக்க மறவாதீர்.

5. பத்திரங்களைப் பூசையறைப் படத்தின் பின்னால் செருகாமல், கரையானும் மழையும் அணுகாத பெட்டியில் வைத்து, நகலும் எடுத்து வைக்க.

பத்திரம் கிடைக்காத பிள்ளை வீட்டில் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. பள்ளிக்கு வாருங்கள். மனு எழுதவும், எந்த அலுவலகத்திற்குப் போவதென்று வழிகாட்டவும் ஆசிரியர்கள் துணைநிற்போம்.

மாணவர்களுக்குச் சில பணிகள்

அ. உங்கள் பிறந்த நாளை ஒரு தாளின் மேலே எழுதுக. அதே நாளில் நடந்த வரலாற்றுச் செய்திகள் மூன்றனையும் பிறந்த சான்றோர் இருவரையும் பள்ளி நூலகத்தில் தேடி, ஆண்டோடு எழுதுக.

ஆ. உங்கள் வகுப்பில் ஒரே நாளில் பிறந்தோர் உளரா எனப் பாருங்கள். வகுப்பில் உள்ளோரின் எண்ணிக்கைக்கு எத்தனை இணைகள் என்று கணக்கிடுக.

இ. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் பிறந்த காலம், பிறந்த தோட்டம், பெற்றோரின் ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்க. "ஜப்பான்காரன் வந்த ஆண்டு" என்று சொன்னால், ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8ஆம் நாள் என்பதைக் கொண்டு ஆண்டைக் கணித்துப் பாருங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டிய பின், பெட்டியில் உள்ள பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.

மூன்றாம் பணியை முதலில் செய்ய வேண்டுகிறோம். நூலகத்து நூல்கள் அடுத்த ஆண்டும் அலமாரியில் இருக்கும். பாட்டியிடம் கேட்க வேண்டியதை இன்றே கேட்டுவிடுவது நல்லது.

வாழ்க நம் நாடு! வளர்க நம் பிள்ளைகள்!